பதினெட்டாவது சிப்பி

விமானத்தில் போய்வந்த கதையை இப்போதெல்லாம் நம் வயதுக்காரர்கள் எல்லோரும் சொல்கிறோம். மகன் டிக்கெட் எடுத்தான், மகள் ஜன்னலோரம் உட்கார வைத்தாள், காது அடைத்தது, கொடுத்த இட்லி சில்லிட்டிருந்தது. நானும் நான்கு முறை ஏறியிருக்கிறேன். போக இரண்டு, வர இரண்டு. அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உங்களில் யாரும் ஒரு விமானத் தளத்திலேயே குடியிருந்திருக்க மாட்டீர்கள். நான் ஐந்து வருடம் நான்கு மாதம் குடியிருந்தேன்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற வழியில், ரோட்டை விட்டு இரண்டு மைல் உள்ளே இருந்தது அது. அப்போது இரண்டு ஊருமே திருச்சி ஜில்லா. இன்றைக்குப் போனால் அடையாளம் தெரியாது. போன வருடம் நான் போய்த் தேடினேன். வேலிக்கருவைதான் நிற்கிறது. ஓடுதளத்தின் ஓரக்கற்களாவது மிஞ்சியிருக்குமா என்று முள்ளை விலக்கி விலக்கிப் பார்த்ததில் ஏழு கிடைத்தன. நூற்று அறுபத்திரண்டில் ஏழு. கையெல்லாம் கீறிக்கொண்டு வீடு வந்ததற்கு மகளிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் போட்டது என்பார்கள். என் அப்பாவைப் பெற்றவர் அதற்குச் சரளை சுமந்தவர். ஆறு ஊர்ச் சனம் சுமந்து கொட்டி, உருளை இழுத்து, கெட்டித்து முடித்தபோது சண்டை முடிந்துவிட்டதாம். பிறகு இருபத்தைந்து வருடம் அதில் ஆடு மேய்ந்தது. சர்க்கார் அதை விடவுமில்லை, கவனிக்கவுமில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் யாருக்கோ ஞாபகம் வந்து, புதரை வெட்டி, மேடுபள்ளம் நிரவி, சிறு விமானங்கள் வந்து இறங்கலாம் என்று பலகை வைத்து, ஒரு காவலரையும் போட்டார்கள். அந்தக் காவலர்தான் என் அப்பா.

எங்கள் தெருவில் அதுவரை யாரும் சர்க்கார் வேலை பார்த்ததில்லை. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். பண்ணைக்காரர் எதிரே வந்தால் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, இடதுகையால் அதைப் பிடித்துக்கொண்டு, முதுகை வளைத்து நிற்பார்கள். காக்கிச் சட்டை வந்த நாளிலிருந்து அப்பா அப்படி நிற்பதை விட்டுவிட்டார். கீழே வேட்டிதான், மேலே காக்கி. கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நேராக நிற்பார். அந்த நிற்பு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒன்றே ஒன்றுதான் குறை. வேலை டெம்பரவரி. வருடா வருடம் மார்ச்சில் முடிந்து, ஓவர்சியர் தயவில் ஏப்ரலில் மறுபடி தொடங்கும்.

ஓடுதளத்தின் நீளம் ஓவர்சியர் கணக்கில் நாலாயிரம் அடி. என் காலடியில் இரண்டாயிரத்து நூற்றுப் பத்து. அகலம் நூறடி. இரண்டு ஓரமும் ஐம்பதடிக்கு ஒரு கல், பக்கத்துக்கு எண்பத்தொன்று. அவற்றுக்குச் சுண்ணாம்பு அடிப்பது அப்பாவின் வேலை. ஒற்றைப்படைக் கற்கள் எனக்கு என்று ஒதுக்கித் தந்திருந்தார். ஒரு கோடியில் கம்பத்தின் மேல் காற்று திசை காட்டும் துணிப்பை ஒன்று ஆடும். அப்பா அதைச் சட்டைக்கை என்றுதான் சொல்வார். எங்கள் வீடு அதன் அடியில், இரண்டு அறை. காற்று திரும்பினால் அடுப்படியிலிருந்தே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். சட்டைக்கை படபடக்கும் ஓசை மாறும்.

எண்ணுகிற கிறுக்கு எனக்கு அப்போதே இருந்தது. எங்கள் பக்கத்து ஓடைகளில் கல்லாய்ப் போன சிப்பிகள் கிடக்கும். ஒரு காலத்தில் அங்கெல்லாம் கடல் இருந்ததாம். எனக்கு அப்போது அது தெரியாது. எண்ணுவதற்கு வசதியான சாமான், அவ்வளவுதான். டிராயர் பை நிறைய வைத்துக்கொண்டு, பத்து அடிக்கு ஒன்றாகக் கீழே போட்டுக்கொண்டே நடந்து, திரும்பி வரும்போது பொறுக்கிக்கொண்டு வருவேன். அந்த வட்டாரத்தில் இந்த வேலையைச் செய்தவன் நான் ஒருவன்தான். வீட்டிலும் இறைந்து கிடக்கும்.

"காலு வைக்க முடியல. கடல் வந்துட்டுப் போன வூடு மாதிரி இருக்கு" என்பார் அப்பா. ஆனால் ஒன்றைக்கூடத் தூக்கி எறிந்ததில்லை. மாடத்தில் எடுத்து வைப்பார்.

அந்த ஐந்து வருடத்தில் மூன்று விமானம் வந்தது. ஒன்றில் யாரோ பெரிய அதிகாரி. இறங்கி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, காரில் ஏறிப் போய்விட்டார். ஒன்று சுண்ணாம்புக்கல் இருக்கும் இடங்களை மேலேயிருந்து படம் எடுக்க வந்தது. மூன்றாவதில் வந்தவன் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த ஒரு பையன். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. வழி தப்பி இறங்கிவிட்டான். அம்மா தந்த மோரைக் குடித்துவிட்டு, யாரைக் கேட்டு இறங்குவது என்று தெரியாமல் முழித்தேன் என்று அப்பாவிடம் சொன்னான். பிறகு பலகையைப் படித்துப் பார்த்துவிட்டு, இது பொதுத் தளம், யாரும் யாரையும் கேட்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் இறங்கலாம் என்று சிரித்தான்.

அப்பாவுக்கு அந்த வார்த்தை பிடித்துப்போய்விட்டது. அதை அவர் விமானத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

கார்த்திகை கடைசியில் கடலை பிடுங்குவார்கள். காயவைக்க ஓடுதளத்தைவிட நல்ல களம் எங்கே கிடைக்கும்? விமானம் வருகிற தகவல் இல்லாத நாட்களில் ஓரங்களில் காயப்போட ஓவர்சியரே கண்டும் காணாமல் இருந்தார். முன்பெல்லாம் பண்ணைக்காரர் கடலைதான் கிடக்கும். அறுவடை முடிந்த காட்டில் மண்ணைக் கிளறி, விட்டுப்போன காய்களைப் பொறுக்கி வருகிற எங்கள் தெருப் பெண்கள் கூடையையும் சாக்கையும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். அந்தப் பையன் வந்துபோன வருடமே, அப்பா கல் கணக்கில் பிரித்துவிட்டார். கிழக்கோரம் முழுதும் பண்ணைக்கு, மேற்கோரம் முழுதும் பொறுக்கி வந்தவர்களுக்கு. ஆளுக்கு இரண்டு கல் இடைவெளி.

பண்ணைக்காரர் நேரில் வந்து கேட்டார். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே, "பலகையில போட்டிருக்குதுங்க, பொதுன்னு" என்றார். அவர் பலகையைப் பார்த்தார், அப்பாவின் கையைப் பார்த்தார். "ஏரோப்ளேனுக்குத்தானய்யா பொது. ஒங்க கூடைக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் பண்ணைக் கடலை கிழக்கோரத்தில் மட்டும் காய்ந்தது.

இன்னொரு பொருளையும் சொல்லிவிட வேண்டும். வேலையில் சேர்ந்தபோது அப்பாவிடம் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். இங்கிலீஷில் அச்சடித்தது. தரையில் என்னென்ன குறி போட்டால் மேலே இருக்கிற விமானிக்கு என்ன அர்த்தம் என்று பன்னிரண்டு படங்கள். ஓவர்சியர் ஒவ்வொன்றாக விளக்கியிருக்கிறார். அப்பா அதைப் பெரிய சொத்தாக நினைத்து, மஞ்சள் துணியில் சுற்றித் தகரப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார். நாங்கள் தொடக்கூடாது, கை பட்டால் கிழிந்துவிடும். என்னால் இதை நினைத்தால் இன்றும் ஆறவில்லை. அந்தத் தாளைச் சுவரில் ஒட்டியிருந்தால் ஒரே நாளில் பன்னிரண்டையும் மனப்பாடம் செய்திருப்பேன்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், மார்கழியில், கொள்ளிடக் கரை நெல்லில் புகையான் விழுந்தது. நெல்லின் அடித்தண்டில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சுகிற பூச்சி அது. வயல் வட்டவட்டமாகத் தீய்ந்துபோகும். திருமானூர், ஏலாக்குறிச்சிப் பக்கமெல்லாம் ஒரே புலம்பல். விமானத்திலிருந்து மருந்து தெளிக்க சர்க்கார் ஏற்பாடு செய்தது. விமானம் எங்கள் தளத்தில் தங்கி, தினமும் போய்த் தெளித்துவிட்டு வரும் என்று முடிவாயிற்று.

ஓவர்சியர் சைக்கிளில் வந்து சொன்னார். சொல்லிவிட்டு, அம்மா காதிலும் விழும்படி, "இந்தப் பத்து நாளு முகாம் மட்டும் ஒழுங்கா நடந்துச்சுன்னா, பெரிய ஆபீசுல இந்தத் தளத்துக்கு மதிப்பு வந்துடும். ஒன் பேர பர்மனென்டுக்கு எழுதறது என் பொறுப்பு" என்றார். 

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. பர்மனென்ட் ஆனால் அக்கா கல்யாணம். நான் திருச்சியில் ஹாஸ்டலில் சேர்ந்து ஆறாம் வகுப்பு. அந்த ஹாஸ்டலுக்கு அப்பா ஏற்கெனவே மனு போட்டிருந்தார். எங்கள் தெருவில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர் யாருமில்லை. நான் தாண்ட வேண்டும் என்பது அவர் ஒருவர் மட்டும் வைத்திருந்த நினைப்பு.

கடலை முழுவதும் அள்ளப்பட்டது. பண்ணைக் கடலையும் சரி, பொறுக்கிய கடலையும் சரி, ஒரு தோல் இல்லாமல் அப்பா பார்த்துக்கொண்டார். நூற்று அறுபத்திரண்டு கல்லுக்கும் புதுச் சுண்ணாம்பு. வாளி வாளியாக மிச்சம் இருந்தது. மருந்து டிரம்களோடு லாரி பெரம்பலூர் வந்து நிற்கும். ஓவர்சியரையும் லாரியையும் வழிகாட்டி அழைத்து வர வேண்டும். விமானம் பத்து மணிக்கு. அப்பா விடிவதற்கு முன்னாலேயே சைக்கிளை எடுத்தார்.

"நல்லா கூட்டி வையுங்க. ஒரு கல்லு கெடக்கக் கூடாது. போயிட்டு வரேன்."

அம்மாவும் அக்காவும் எங்கள் தெருப் பெண்கள் ஒன்பது பேரும் நானும் ஆவாரை விளக்குமாற்றால் கூட்டத் தொடங்கினோம். விமானம் தரை தொடுகிற வடகோடியில் மட்டும் ஆயிரம் அடிக்குக் கூட்டி, புழுதி அடங்கத் தண்ணீரும் தெளித்தாயிற்று. பனி இறங்கியிருந்தது. ஈரச் சரளையின் வாசம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. வேலை முடிந்து எல்லோரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது அம்மாவின் முகம் மாறியது.

"மார்கழி மாசம். கூட்டித் தெளிச்சு வெறுமனே வுட்டா எழவு வூடு மாதிரில்ல இருக்கு. ஏரோப்ளேன் ஓட்டற மனுசன் மொதமொத வராரு" என்றாள்.

அதை மறுத்துப் பேச அங்கே ஒருவரும் இல்லை. கூட்டித் தெளித்த வாசலில் கோலம் இல்லையென்றால் அந்த வீட்டில் சாவு என்று அர்த்தம். நமக்கெல்லாம் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்கா ஒரு படி மாவு எடுத்து வருகிறேன் என்று கிளம்பினாள்.

அப்போது நான் வாயைத் திறந்தேன்.

"அக்கா, அவரு மேலேர்ந்துல்ல பாப்பாரு. சின்னதாப் போட்டா கண்ணுக்கே தெரியாது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மரத்தில் ஏறிக் கீழே பார்த்தால் வாசல் கோலம் எவ்வளவு சிறிதாகத் தெரியும், விமானம் எத்தனை மரம் உயரத்தில் வரும், அப்படியானால் கோலம் எத்தனை மடங்கு பெரிதாக இருக்க வேண்டும் என்று நான் கணக்கு சொன்னேன். நூறடி அகலத்தில் ஓரம் விட்டு, மூலைக்கு மூலை தொண்ணூறு அடி. கோடு ஒரு முழ அகலம். மாவு போதாது, சுண்ணாம்பு இருக்கிறது. அம்மா என் தலையை வழித்து நெட்டி முறித்தாள். "எம்புள்ளைக்கு அவன் அப்பாருக்கு இல்லாத மூளை."

அக்கா தாமரை போடுவதாக முடிவு செய்தாள். முதலில் குறுக்கே இரண்டு கோடு. அவை வெட்டிக்கொள்ளும் இடம் நடு. அப்புறம் அதைச் சுற்றி எட்டு இதழ். நான் கயிறு பிடித்து முன்னால் போய், பத்தடிக்கு ஒரு சிப்பி வைத்துக்கொண்டே நடந்தேன். பின்னாலேயே அக்கா வாளியோடும் அம்மா விளக்குமாற்றோடும் வந்தார்கள். முதல் கோட்டுக்கு ஒன்பது சிப்பி. நூல் பிடித்த மாதிரி கோடு. இரண்டாவது கோட்டில் எட்டாவது சிப்பியை வைத்துவிட்டு ஒன்பதாவதைக் கையில் எடுத்தேன்.

ஏழரை மணி பஸ் ரோட்டில் போன சத்தம் கேட்டு அதிக நேரம் ஆகவில்லை. வடக்கே ஒரு சத்தம். சட்டைக்கைக்கு மேலே மஞ்சளாக ஒரு விமானம், இரண்டரை மணி நேரம் முன்னதாக.

சிப்பியைப் பையில் போட்டுக்கொண்டு ஓரத்துக்கு ஓடினேன். இதழ் ஒன்றுகூடப் போடவில்லையே என்று அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. விமானம் தாழ இறங்கி, சக்கரம் தரையைத் தொடப்போகிற நேரத்தில் சட்டென்று மூக்கைத் தூக்கி ஏறியது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் ஓட்டுகிறவரின் கண்ணாடிகூடத் தெரிந்தது. சிறகை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினார். கோலத்தைப் பார்த்துவிட்டார், கும்பிடு போடுகிறார் என்று நாங்கள் பன்னிரண்டு பேரும் கையை ஆட்டினோம். துண்டை ஆட்டினோம். விமானம் தெற்கே போனது. ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரும் என்று அம்மா சொன்னாள். வரவில்லை.

லாரி வந்தபோது ஒன்பதரை இருக்கும். பண்ணைக்காரரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். ஓவர்சியர் லாரியிலிருந்து குதித்தவர் அப்படியே நின்றுவிட்டார். அந்தத் தாளில் ஐந்தாவது படம் அதுதான். வெள்ளைச் சுண்ணாம்பில் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே இரண்டு கோடு போட்டிருந்தால் தளம் மூடப்பட்டது, இறங்கினால் ஆபத்து என்று அர்த்தம்.

"யாருய்யா இது போட்டது?"

எங்கள் பன்னிரண்டு பேருக்கும் அதற்குள் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்துவிட்டது. அப்பா கோட்டின் மேலேயே நடந்து போனார். அங்கங்கே குனிந்தார். முதல் கோடு முழுக்கப் போய், நடுவுக்கு வந்து, இரண்டாவது கோட்டிலும் போனார். அப்போதும் குனிந்து குனிந்துதான்.

"என்னய்யா தேடற அங்க?"

"சுண்ணாம்பு காஞ்சிடுச்சான்னு பாக்கறேங்க."

லாரி டிரைவர் சிரித்துவிட்டார். பண்ணைக்காரரும் சிரித்தார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. 

திரும்பி வந்த அப்பா ஓவர்சியர் முன்னால் நின்றார். கைகள் பின்னால் இல்லை. இடுப்பில் வேட்டியை இடதுகையால் பிடித்துக்கொண்டு, முதுகை வளைத்து, எங்கள் தெருவில் பெரியவர்கள் பண்ணைக்காரர் முன் நிற்பார்களே, அப்படி நின்றார்.

"நான்தாங்க போட்டேன்."

"நீ எங்கூட லாரில வந்தவன்யா."

"விடியறதுக்கு முந்தி போட்டுட்டுத்தாங்க கெளம்புனேன். அழகுக்குன்னு போட்டேன்."

ஓவர்சியர் கெட்டவர் இல்லை. குரலைத் தணித்துக்கொண்டு, "புள்ளைங்க யாராச்சும் வெளாட்டுக்குப் போட்டிருந்தா சொல்லு. பேரு, வயசு, எந்த ஸ்கூலுன்னு எழுதிக் கொடு. தெரியாம செஞ்சதுன்னு மேல அனுப்பிடறேன். ஒனக்கு ஒண்ணும் வராது" என்றார். அவர் கண் என் மேலும் அக்கா மேலும் போய்வந்தது.

அப்பா தலையை நிமிர்த்தவில்லை. "புள்ளைங்களுக்கு இதுல சம்பந்தம் இல்லீங்க. நான்தாங்க."

பண்ணைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "யாரு வேணும்னாலும் எறங்கலாம்னு பேசுன வாயி. இப்ப யாருமே எறங்கக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கு."

நான் பையில் கைவிட்டு அந்தச் சிப்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று எட்டு வைத்தால் ஓவர்சியர். நான் வைக்கவில்லை. சாயங்காலம் கூட்டம் போன பிறகு, மிச்சச் சிப்பிகளை எடுக்கப் போனேன். ஒன்றுகூட இல்லை. வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் பொறுக்கிப் போய்விட்டார்கள் என்று நினைத்து அதற்கும் சேர்த்து அழுதேன்.

விமானம் வேறு ஊர்த் தளத்தில் இறங்கி, அங்கிருந்தே தெளித்தது. வேலை நான்கு நாள் தாமதமாகத் தொடங்கியது. அந்த நான்கு நாளில் எத்தனை ஏக்கர் தீய்ந்தது என்பது எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது. தெரிந்தால் அதையும் எண்ணிக்கொண்டிருப்பேன். மார்ச்சில் அப்பாவின் வேலை முடிந்தது. ஏப்ரலில் தொடங்கவில்லை.

இரண்டு அறையையும் காலி செய்து அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்து வேலைக்குப் போனோம். அக்கா கல்யாணம் மூன்று வருடம் தள்ளிப்போனது. அம்மா மட்டும் நிறுத்தவில்லை. சாதம் போடும்போது, விளக்கு ஏற்றும்போது, எப்போது வேண்டுமானாலும் ஆரம்பித்துவிடுவாள். "வெளாட்டுக்குப் புள்ளைங்க போட்டதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போயிருக்கும். வீம்பு. காக்கிச் சட்டை வீம்பு." அப்பா சாப்பிட்டுக்கொண்டிருப்பார். தன்னையும் அக்காவையும் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று அவள் நினைத்தாள். அதனாலேயே அதிகம் திட்டினாள் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு ஹாஸ்டலில் இடம் கிடைத்தது. படித்தேன். லீவுக்கு வரும்போதெல்லாம் அவரைப் பார்த்தால் அந்த வளைந்த முதுகும் இடுப்பைப் பிடித்த கையும்தான் கண்ணில் நிற்கும். வேலை போனதைவிட அது எனக்குக் கசப்பாக இருந்தது. இவ்வளவு நாள் நேராக நின்றவர், பண்ணைக்காரர் பார்க்க, ஒரு நாளில் பழைய கும்பிடுக்குப் போய்விட்டாரே என்று. அதை ஒருநாளும் அவரிடம் கேட்டதில்லை. கோலம் என் யோசனை என்பதையும் சொன்னதில்லை.

பதினொரு வருடம் கழித்து, எண்பதுகளில், நான் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில், லீவில் வந்திருந்தேன். தளத்தை அடியோடு மூடிவிட முடிவாகியிருந்தது. இரண்டு கோடியிலும் முறைப்படி மூடல் குறி போட வேண்டும். எல்லைக் கற்கள் எங்கெங்கே என்று தெரிந்த ஆள் வேறு யாருமில்லை. புது ஓவர்சியர் விசாரித்துக்கொண்டு வந்து அப்பாவைக் கூப்பிட்டார். போக வேண்டாம் என்றாள் அம்மா. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். நானும் கூடப் போனேன்.

சட்டைக்கைக் கம்பம் மட்டும் நின்றது. துணி இல்லை. அப்பா முள்ளை வெட்டி இடம் செய்தார். சுண்ணாம்பைக் கரைத்தார். நான் கயிறு பிடித்தேன். அவருக்கு அப்போதே கண் மங்கத் தொடங்கியிருந்தது, சுரங்கத்துத் தூசி. முதல் கோட்டைப் போட்டுவிட்டு எட்டி நின்று பார்த்தார். நடுவில் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது.

"நீ அன்னைக்குப் போட்டது நூல் புடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றார்.

அம்மா சொன்னாளா என்று கேட்டேன். அவர் இல்லையென்று தலையசைத்தார்.

"அவ எதுக்குச் சொல்லணும்? பத்தடிக்கு ஒண்ணாச் சிப்பி வச்சிருந்தியே. அத ஓவர்சியர் பாத்தா, இது என்னன்னு கேப்பாரு. ஊருல எல்லாருக்கும் தெரியும் சிப்பி யாருதுன்னு. காயிதத்துல ஒன் பேரு ஏறிடும். ஹாஸ்டலுக்கு மனு போட்ட பேரும் அதே பேரு." விளக்குமாற்றை வாளியில் முக்கினார். "அதான் பொறுக்கி மடியில போட்டுக்கிட்டேன். பொறுக்குனது எல்லாம் வேட்டிக்குள்ள. கனம். கைய எடுத்தா ஒண்ணொண்ணா அவரு காலடியில வுழும். நிமிரவும் முடியல."

ஒரு பையனின் பெயர் ஒரு காகிதத்தில் ஏறுவதால் ஹாஸ்டலில் இடம் போய்விடாது என்று, அதே மாதிரிக் காகிதங்களை நாள் முழுதும் புரட்டுகிற எனக்குத் தெரியும். அன்றைக்கே அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் பயந்தது வீண், பிள்ளைகள் போட்டார்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தால் மிஞ்சிப்போனால் ஒரு மெமோ வந்திருக்கும். ஆனால் காகிதம் தன்னை என்னவெல்லாம் செய்யும் என்று அவர் கண்டவர். நான் காணாதவன். அதனால் சொல்லவில்லை. இப்போது இந்த வயதில் அதுவும் சரியா தப்பா என்று தெரியவில்லை.

இரண்டாவது கோட்டைப் பாதி வரை போட்டுவிட்டு அப்பா நின்றார்.

"அன்னைக்கு ராத்திரி எண்ணிப் பாத்தேன். ஒரு கோட்டுல ஒம்பது. இன்னொண்ணுல எட்டுதான். ஒரு சிப்பி கொறையுது. யாராச்சும் எடுத்துட்டானோன்னு பதினோரு வருசமா மனசுல இருக்கு. எங்கடா அது?"

"பையிலப்பா. என் பையில இருந்துச்சு."

"அதானே பாத்தேன்" என்றார். 

மிச்சக் கோட்டையும் போட்டு முடித்தார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு, கைகள் இரண்டும் தாராளமாக வீச, நாலாயிரம் அடிக்கு அப்பால் இருக்கிற மறுகோடிக்கு நடக்கத் தொடங்கினார். அவர் பின்னால் நானும் போனேன். அன்று மட்டும் காலடியை எண்ணவில்லை.